பழைய கணினியிலிருந்து சீரியல் கேபிளில் ஃபைல் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள அச்சகம், டிடிபி கடை எதிலாவது ஒரு விண்டோஸ் 95 கணினி துணி போர்த்திக் கிடக்கலாம். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் என்று பல வருட உழைப்பு அதற்குள் இருக்கும். பிளாப்பி டிரைவும் போய்விட்டதென்றால் சீரியல் போர்ட் (பின்பக்கம் உள்ள, பிட் பிட்டாக டேட்டா அனுப்பும் இணைப்பு) நல்ல வழி.

முதலில் கேபிள். மோடத்துக்கான நேர் கேபிள் இரண்டு கணினிகளுக்கு இடையே உதவாது. நல் மோடம் (null modem) கேபிள், அதாவது அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மாறிப் போகும் கேபிள் வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 9 பின் கேபிளில் 2 மறுமுனையின் 3-க்கும், 3 அங்குள்ள 2-க்கும், 5 நேராக 5-க்கும் போக வேண்டும். 7-ம் 8-ம் மாறிப் போயிருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கணினியையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் ஓடும்போது செருகினால் போர்ட்டே போய்விடலாம்.

வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். சீரியல் போர்ட்டை இயக்கும் 8250, 16450 போன்ற பழைய சிப்புகள் வந்த ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும். கணினி அதை எடுப்பதற்குள் அடுத்தது வந்தால் முந்தையது போச்சு. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் தொடங்குங்கள். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டும் சேர்த்து 10 பிட் போவதால் விநாடிக்கு 960 பைட்தான், ஒரு பிளாப்பி அளவுக்கு 26 நிமிடம் ஆகும். ஆகட்டும்.

நான் அதிகம் பயப்படுவது சத்தமில்லாமல் நடக்கும் சேதத்துக்குத்தான். டிஸ்கி (TSCII), டாப் (TAB) போன்ற பழைய தமிழ்-ஆங்கில இருமொழிக் குறியாக்கங்களில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளில்) ஆங்கிலம் முதல் 128 இடங்களில் இருக்கும், தமிழ் அதற்கு மேலே. டேட்டா பிட் 7 என்று வைத்து வெறும் டெக்ஸ்டாக அனுப்பினால் மேல் பிட் அறுந்து தமிழ் முழுக்கக் குப்பையாகிவிடும். ஆங்கிலமும் எண்களும் ஒழுங்காக இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. எனவே போர்ட் அமைப்பில் 8 டேட்டா பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். ஃப்ளோ கன்ட்ரோலில் (அனுப்புவதை நிறுத்தித் தொடரச் சொல்லும் அமைப்பில்) எக்ஸான்/எக்ஸாஃப் வேண்டாம். அது 17, 19 என்ற பைட்டுகளைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். 7-8 மாறிய கேபிள் என்றால் ஹார்டுவேர் என்று வையுங்கள்.

அனுப்புமுன் எல்லாவற்றையும் ஜிப் செய்துவிடுங்கள். உள்ளே சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருப்பதால், வந்து சேர்ந்ததும் ஜிப்பைச் சோதித்தாலே பழுது தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஹைப்பர்டெர்மினல் (விண்டோஸ் 95-இல் வந்த, சீரியல் போர்ட் வழியாகப் பேசும் நிரல்) இருந்தால் ஃபைல் அனுப்பும் முறையாக இசட்மோடம் தேர்ந்தெடுங்கள். இன்னொரு முறையான எக்ஸ்மோடம் 128 பைட் துண்டுகளாக அனுப்புவதால் கடைசித் துண்டில் நிரப்பல் சேர்ந்து ஃபைல் அளவு கொஞ்சம் கூடலாம்.

அப்புறம், பலர் மறப்பது எழுத்துருக்களை. அந்த ஃபைல்கள் யூனிகோடு அல்ல. பழைய ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். புதிய கணினியில் நாலைந்து ஃபைலைத் திறந்து தமிழை வாசித்துப் பார்க்கும்வரை பழைய ஹார்டு டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்.