எந்த கார்டியோ உங்களுக்கு செட் ஆகும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

கார்டியோன்னு, அதாவது நடை, ஓட்டம், சைக்கிள் மாதிரி ஹார்ட் துடிப்பையும் மூச்சையும் ஏத்துற பயிற்சின்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் முதல்ல கேக்குறது, எதுல கலோரி அதிகமா எரியும்னுதான். அந்தக் கேள்விய கொஞ்சம் ஓரமா வைங்க. நடையவிட ஓட்டத்துல ஜாஸ்தி எரியும், உண்மைதான், ஆனா மூணாவது நாளே முட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா அந்தக் கணக்க வச்சு என்ன பண்றது? அடுத்த மாசமும் எத செய்வீங்களோ அதுதான் உங்க கார்டியோ. அத எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு பாப்போம்.

ஸ்டெப் 1: முதல்ல உடம்பு

நெஞ்சுவலி, ஹார்ட் பிரச்சனை, படியேறினா தலைசுத்தல், இதுல எது இருந்தாலும் டாக்டர பாத்துட்டு ஆரம்பிங்க. சுகருக்கு இன்சுலின் போடுறவங்க பாக்கெட்ல குளுக்கோஸ் இல்லன்னா ரெண்டு மிட்டாய் வச்சுக்கோங்க, நடுவுல சுகர் இறங்கிட்டா அப்போ கடையத் தேடிக்கிட்டு இருக்க முடியாது. முட்டிவலி, அதிக எடை இருக்கவங்க ஓட்டத்தையும் ஸ்கிப்பிங்கையும் இப்போதைக்கு விட்டுட்டு நடை, சைக்கிள், நீச்சல் பக்கம் போங்க.

ஸ்டெப் 2: எப்போ, எங்க

நெஜமா எந்த நேரம் ஃப்ரீயோ அத எழுதுங்க, ஃப்ரீயா இருக்கணும்னு ஆசைப்படுற நேரத்த இல்ல. ராத்திரி பன்னண்டு மணிக்கு படுக்கிறவங்க காலைல அஞ்சு மணி நடைன்னு பிளான் போட்டா அது எத்தன நாளைக்கு ஓடும்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் இடம். கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் நடைபாதை பக்கத்துல வீடு இருந்தா வேற எதுவும் யோசிக்கவே வேணாம். நம்ம தமிழ்நாடு அரசாங்கம் 2023ல ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்க, உங்க ஊர்ல எங்கன்னு கேட்டுப் பாருங்க. தெருவுல நாய்த்தொல்லையா, நடக்க பிளாட்பாரமே இல்லையா, அப்போ மொட்டை மாடி.

ஸ்டெப் 3: கீழ இருக்கிறதுல மூணு எடுத்து வாரத்துக்கு ஒண்ணா செஞ்சு பாருங்க

இங்கதான் அவசரப்படக் கூடாது. ஷூ, சைக்கிள், ஜிம் மெம்பர்ஷிப்னு எதுக்கும் காசு கொட்டாதீங்க, இருக்கிறத வச்சே பாருங்க.

நடை எல்லாருக்கும் ஓகே. மொட்டை மாடில எட்டு வடிவத்துல நடக்குறவங்க நெறைய பேர் இருக்காங்க, நல்லதுதான், ஆனா சின்ன எட்டா போட்டா நாலடிக்கு ஒரு தடவ திரும்பணும், வேகமே எடுக்க முடியாது, அதனால முடிஞ்சவரைக்கும் பெருசா போடுங்க.

சைக்கிள்ல சீட் உயரம்தான் எல்லாமே. சீட்ல உக்காந்து பெடல் கீழ இருக்கும்போது குதிகால அதுல வைங்க, கால் நேரா நீளணும். அப்புறம் முன்பாதத்த வச்சு மிதிச்சா முட்டி லேசா மடங்கும், அதுதான் சரியான உயரம். பையனோட சைக்கிள அப்படியே எடுத்து ஓட்டிட்டு முட்டி வலிக்குதுன்னு சைக்கிள் மேல பழி போடாதீங்க.

ஸ்கிப்பிங் கயிற நடுவுல ஒரு காலால மிதிச்சு ரெண்டு பக்கமும் மேல தூக்குங்க, கைப்பிடி அக்குள் வரைக்கும் வந்தா போதும். குதிகால் தரைல படாம, முன்பாதத்துல, ரொம்ப உயரமா எம்பாம குதிங்க. முப்பது செகண்ட் குதிச்சுட்டு முப்பது செகண்ட் நில்லுங்க, ஆரம்பத்துல அதுவே நாக்கு தள்ளும்.

அப்பார்ட்மெண்ட்காரங்களுக்கு ஒரு ஐடியா: மாடிப்படி ஏறுங்க, இறங்குறதுக்கு லிஃப்ட். இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி ஜாஸ்தி.

நீச்சல் மூட்டுக்கு ரொம்ப நல்லது, ஆனா தெரியாதவங்க கோச் இல்லாம இறங்காதீங்க.

ஒவ்வொரு வாரக் கடைசியிலயும் மூணே கேள்வி. மறுநாள் எங்கயாச்சும் வலிச்சுதா? கிளம்புறதுக்கு முன்னாடி சாக்கு தேடுனீங்களா? செஞ்சுட்டு இருக்கும்போது மணிய எத்தன தடவ பாத்தீங்க? எதுல சாக்கு கம்மியா வந்துச்சோ அத புடிச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: வேகத்துக்கு பேச்சு டெஸ்ட்

வாட்ச் எல்லாம் தேவையே இல்ல. பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். பாட்டே வருதுன்னா அது சும்மா உலாத்தல். நாலு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்குதுன்னா கடுமையான வேகம், புதுசா வந்தவங்களுக்கு இப்போ அது வேணாம். 220ல வயச கழிச்சு ஹார்ட் ரேட் பாக்குறவங்க அத ஒரு தோராயக் கணக்கா மட்டும் வச்சுக்கோங்க, பிபி மாத்திரைல சிலது ஹார்ட் ரேட்ட ஏறவே விடாது, அவங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்தே வராது.

ஸ்டெப் 5: வாரக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்றது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான வேகம், இல்லன்னா 75 நிமிஷம் கடுமையான வேகம். முதல் வாரமே அங்க போய் நிக்கணும்னு இல்ல. பத்து பத்து நிமிஷமா ஆரம்பிச்சு வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க.

கூடவே வீட்டுக்குள்ள செய்யிற மாதிரி ஒரு ஸ்பேர் வச்சுக்கோங்க, ஸ்பாட் ஜாகிங்கோ படிக்கட்டோ ஏதோ ஒண்ணு. ஐப்பசி கார்த்திகை மழைல தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும், கத்திரி வெயில்ல ஏழு மணிக்கே மண்டை காயும், நடைய மட்டும் நம்பி இருக்கவங்க அப்போ விட்டா மறுபடி தை மாசம்தான் வருவாங்க.

கொஞ்ச நாள் போனதும் அதே வேகத்துல உங்களுக்கு பாட்டு வர ஆரம்பிக்கும். அப்போ அஞ்சு நிமிஷம் கூட்டுங்க, இல்லன்னா வேகத்த கூட்டுங்க, ரெண்டையும் ஒரே வாரத்துல வேணாம்.