மரத்தரைக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்: சுவரோரத்தில் நடக்கும் தவறுகள்

பலகை நல்ல தேக்கு, ஆசாரியும் கைதேர்ந்தவர். இருந்தும் முதல் ஐப்பசி மழையிலேயே மரத்தரை நடுவில் உப்பி எழுகிறது என்றால், சுவரோரம் இடம் விடாமல் இறுக்கி அடித்துவிட்டார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

“தேக்கு அசையாது” என்ற நம்பிக்கைதான் இதற்கு வேர். பல மரங்களைவிடத் தேக்கு குறைவாக அசையும், அசையாமலே இருக்காது. வார்னிஷ் பூசினாலும் ஈரம் ஏறுவது தாமதப்படுமே தவிர நிற்காது. ஈரம் ஏறினால் பலகையின் அகலம் கூடும். நீளத்தில் வரும் மாற்றம் மிகச் சொற்பம். 10 அடி அகல அறைக்கு 4 அங்குலப் பலகை 30 வேண்டும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் பருத்தாலே மொத்தம் 15 மில்லிமீட்டர். பக்கவாட்டில் போக வழியில்லாதபோது அது மேலே எழத்தான் செய்யும்.

நம் ஊரில் மாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல். அதே நாளில் பாளையங்கோட்டையில் மேல்காற்று வறண்டு வீசும். செங்கோட்டையில் வாங்கிய பலகையைப் பாளையங்கோட்டையில் இறக்கிய கையோடு பதித்தால், சில வாரங்களில் சுருங்கிப் பலகைக்குப் பலகை இடுக்கு விடும். பதிக்கப்போகும் அறையிலேயே, இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானியில் அளவு மாறாமல் நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம்.

வறண்ட காற்றில் பதிக்கும்போது மரம் சுருங்கிய நிலையில் இருக்கும். மழைக்காலத்தில் அது பருக்கும். ஆகவே பலகையின் நீளவாட்டுப் பக்கங்களில் சுவருக்கு 15 மில்லிமீட்டராவது விட வேண்டும். அறை அகலமானால் இன்னும் கூடுதலாக விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பதிப்பதை முடிந்தவரை தள்ளிப்போடச் சொல்வேன். அப்போது பருத்திருக்கும் மரம் கோடையில் இடுக்கு காட்டும். அதைப் புட்டியால் அடைத்தால் அடுத்த மழையில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும்.

விட்ட இடைவெளியைப் பிறகு வருகிறவர்கள் மூடிவிடுவதும் உண்டு. கொத்தனார் சிமெண்ட் பூசி அடைப்பார். இடைவெளிக்காகச் செருகிய ஆப்புகளை எடுக்க மறந்துவிடுவார்கள். ஸ்கர்டிங்கை, அதாவது சுவரடிப் பட்டையை, சுவரில் பொருத்தாமல் தரையோடு சேர்த்து ஆணி அடிப்பார்கள். கதவு நிலை, தூண், மாடிப்படி ஓரம் ஆகிய இடங்களிலும் இடைவெளி தேவை. தரை அசைய இடமின்றிச் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

புதுக் கான்கிரீட்டின் மேல் அவசரப்பட்டுப் பதிக்காதீர்கள். பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் தளம் காயவில்லை.

பதித்த பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை அந்த அறைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.