நிலையா, தழும்பா? ஒற்றை லேசர் பல்ஸில் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் படலத்தை மாற்றுவது எப்படி

ஃபெர்ரோஎலெக்ட்ரிக்கான (தானாகவே மின்முனைப்பு கொண்ட) லெட் டைட்டனேட்டையும் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டையும் 16 அலகுக்கூடு (படிகத்தின் மிகச் சிறிய அமைப்பு அலகு) வீதம் மாறிமாறி அடுக்கிய படலத்தில், 400 நானோமீட்டர் லேசர் பல்ஸ் பட்டதும் ‘சூப்பர்கிரிஸ்டல்’ என்ற புதிய ஒழுங்கு பிறப்பதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அறை வெப்பத்திலேயே அது நிலைத்தது, சூடேற்றியதும் அழிந்தது. நெல்லைப் பக்கத்து ஆய்வகத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: லேசர் சுட்ட தழும்பும் நிலைத்துத்தான் நிற்கும். புதிய நிலையையும் தழும்பையும் பிரித்தறிவதே முக்கால்வாசி வேலை.

800 நானோமீட்டர், 100 ஃபெம்டோசெகண்ட், 1 கிலோஹெர்ட்ஸ் லேசரை 0.5 மி.மீ. பி.பி.ஓ. (பேரியம் போரேட்) படிகத்தில் விட்டால், அலைநீளம் பாதியாகி 400 கிடைக்கும். தடித்த படிகம் வேண்டாம், பல்ஸ் நீண்டுவிடும். பி.பி.ஓ. ஈரம் இழுக்கும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். படிகத்தின் முகம் மங்கிவிட்டால் லேசர் புள்ளி வட்டமாக வராது.

புள்ளியை அளக்க, சவரபிளேடை மைக்ரோமீட்டர் மேடையில் பூட்டிக் குறுக்கே நகர்த்துங்கள். பிளேடைத் தாண்டி வரும் பவர் 84 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்கும் தூரம்தான் ஆரம். அது 50 மைக்ரான் என்றால், 1 மைக்ரோஜூல் பல்ஸுக்கு நடுவில் சதுர செ.மீ.க்கு 25 மில்லிஜூல் விழும். சராசரியைப் போட்டால் பாதிதான் வரும். நடுப்புள்ளி கருகிய பிறகே தப்பு தெரியும். 0.04 மைக்ரோஜூலில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். 800, 400 இரண்டையும் தடுக்கும் கண்பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

1 கிலோஹெர்ட்ஸில் சாதாரண ஷட்டரால் ஒரே பல்ஸைப் பிரிக்க முடியாது. வெளியீட்டை 10 ஹெர்ட்ஸாகக் குறைத்து, ஷட்டரை லேசரோடு ஒத்திசைத்து 60 மில்லிசெகண்ட் திறந்தால் ஒன்றே ஒன்று போகும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது ஏசி நின்றுவிட்டால் கற்றை நகரும். அரை மணி நேரம் பொறுத்து, பிளேடு அளவை மறுபடி எடுங்கள்.

படலம் மாறியதா என்று சோதிக்க, வலுக்குறைந்த 800 கற்றையைப் படலத்தில் விட்டு, அதிலிருந்து வரும் 400 ஒளியை அளக்க வேண்டும்; படலத்தின் ஒழுங்கு மாறினால் இந்த ஒளியின் அளவும் மாறும். சுடும் ஒளியும் அதே 400 என்பதால் சிதறல் கலந்து ஏமாற்றும். நிலை நீடித்து நிற்பது இங்கேதான் கைகொடுக்கிறது: சுடும் கற்றையை அடைத்துவிட்டு, நிதானமாக அளக்கலாம். பிறகு 10 டிகிரி படிகளில் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி அளங்கள். சுடுவதற்கு முந்தைய அளவுக்கே திரும்பி, அடுத்த பல்ஸில் மறுபடி மாறினால் அது புதிய நிலை. திரும்பாவிட்டால் தழும்பு; அந்த ஆற்றலுக்குக் கீழே இறங்குங்கள்.

இதை மட்டும் வைத்து சூப்பர்கிரிஸ்டல் என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸ்ரே சிதறல் அளவீட்டில், புதிய ஒழுங்கைக் காட்டும் புதிய சிகரங்கள் தெரிய வேண்டும். இந்தூர் இண்டஸ்-2 போன்ற சின்க்ரோட்ரானுக்கு (வலுவான எக்ஸ்ரே தரும் துகள்முடுக்கி) கொண்டுபோவதானால், புள்ளி புள்ளியாக நகர்த்திச் சுட்டுப் பரப்பைப் பெரிதாக்குங்கள். அதே படலத்தில் சுடாத துண்டு ஒன்றையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.