கழுத்துத் தமனி வழியே மூளைக்குச் செல்லுதல்: துளையிடும் முன்பே மூடும் முறையைத் தீர்மானியுங்கள்

மூளை இரத்தக் குழாயின் அடைப்பையோ அனியூரிசத்தையோ (குழாய்ச்சுவரின் பலூன் போன்ற புடைப்பு) உள்வழியாகச் சரிசெய்யும்போது தொடைத் தமனியும் மணிக்கட்டுத் தமனியுமே முதலில் கருத வேண்டிய வழிகள். ஆயினும் வயது முதிர்ந்தோரிலும் நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் உள்ளோரிலும் பெருந்தமனி வளைவு நீண்டு, கிளைகள் கீழிறங்கி, கூர்மையாக மடங்கியிருப்பதுண்டு. அத்தகைய வளைவில் கதீட்டரை (மெல்லிய நெடுங்குழாய்) எத்தனை முறை மேலேற்றினாலும் அது பெருந்தமனிக்குள்ளேயே சரிந்து விழும். பக்கவாதத்தில் மூளைத் திசு நிமிடத்திற்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கையில், பயனில்லாத வழியில் பிடிவாதமாக நிற்காமல் கழுத்தின் கரோட்டிட் தமனியை நேரடியாக அணுகுவதே முறை. இது புதிய பாதையும் அன்று. 1927இல் லிஸ்பனில் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் மூளை நாளங்களை முதன்முதலில் எக்ஸ்ரே படத்தில் காட்டியது கரோட்டிட் தமனிக்குள் மருந்தைச் செலுத்தித்தான்; 1953இல் செல்டிங்கர், ஊசித்துளை வழியே கம்பியைச் செலுத்தி அதன்மேல் கதீட்டரை ஏற்றும் தம் முறையை வெளியிட்ட பின்னரே தொடைவழி படிப்படியாகப் பரவலாயிற்று.

இந்த வழிகாட்டி, பயிற்சி பெற்ற குழுவில் பணியாற்றும் இளம் மருத்துவர்களுக்கானது. அவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது ஒன்றே: ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன், அந்தத் துளையை எப்படி மூடப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். துளையிடுவது சில நிமிட வேலை. சிக்கல்கள் பெரும்பாலும் மூடும்போதுதான் எழுகின்றன.

முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தியபின் தொடங்குவது நல்லது. தோள்களுக்குக் கீழே சிறிய துணிச்சுருளை வைத்துக் கழுத்தைச் சற்றே பின்னுக்கு நீட்டி, தலையை எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்புங்கள். அதிகம் திருப்பினால் உட்கழுத்துச் சிரை தமனியின் மேலேயே வந்து படிந்துவிடும். பின்னர் அல்ட்ராசவுண்டில் பொதுக் கரோட்டிட் தமனியைக் காறை எலும்பிலிருந்து அது இரண்டாகப் பிரியும் இடம் வரை முழுவதுமாகப் பாருங்கள். பிரியும் இடம் பெரும்பாலும் குரல்வளையின் முன்புறமுள்ள கேடயக் குருத்தெலும்பின் மேல்விளிம்பை ஒட்டியிருக்கும். கொழுப்புப் படிவு இல்லாத, நேரான பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவாக அது காறை எலும்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே அமையும்.

திரையில் இரண்டு கரிய வட்டங்கள் தெரியும். கருவியை மெல்ல அழுத்தினால் வெளிப்புறமாக உள்ள வட்டம் நசுங்கும், அது சிரை. நசுங்காமல் துடித்துக்கொண்டிருப்பது தமனி. அவற்றின் பின்னிடுக்கில் வேகஸ் நரம்பு செல்கிறது. 21 கேஜ் நுண்ணூசியைச் சுமார் 45 பாகைச் சாய்வில் செலுத்துங்கள். வெண்புள்ளியாகத் தெரியும் ஊசிமுனை முதலில் தமனியின் முன்சுவரைக் குழியச் செய்யும்; அடுத்த கணம் சுவர் விட்டுக்கொடுத்து, செந்நிற இரத்தம் துடிப்போடு வெளிவரும். அங்கேயே நிறுத்துங்கள். பின்சுவரைத் துளைத்தால் அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் ஆழத்தில் சேரும்.

0.018 அங்குலக் கம்பியை எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே செலுத்துங்கள். பிரிவிடத்தில் படிவு இருந்தால் கம்பிமுனை அதைத் தொடக்கூடாது. அதன்மேல் ஷீத்தை (கருவிகள் உள்ளே செல்லும் வாயிற்குழாய்) ஏற்றுங்கள்; பெரும்பாலும் 6 பிரெஞ்ச் அளவு, அதாவது 2 மில்லிமீட்டர் உள்விட்டம், போதும். தமனிக்குள் இருப்பது சில சென்டிமீட்டர் நீளமே என்பதால் ஒரு சிறு இழுப்பிலும் ஷீத் வெளியே வந்துவிடும். உடனே தோலோடு தைத்து, மேசையை நகர்த்தும்போதெல்லாம் ஒருவர் அதைக் கையால் பிடித்திருக்கச் செய்யுங்கள். இங்கிருந்து செல்லும் சிறு காற்றுக்குமிழும் நேரே மூளைக்கே போகும். ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் சலைன் ததும்பத் ததும்ப மாட்டி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கலந்த சலைனை அழுத்தத்தில் தொடர்ந்து ஓடவிடுங்கள்.

மூடுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. கையால் அழுத்துவது எளிதாகத் தோன்றும். ஆனால் பலமாக அழுத்தினால் மூளைக்குச் செல்லும் ஓட்டம் நின்றுவிடும், தளர்ந்தால் இரத்தம் கசிந்து கழுத்தில் வீக்கம் பெருகும், பிரிவிடத்தில் அழுத்தத்தை உணரும் கரோட்டிட் சைனஸ் தூண்டப்பட்டால் இதயத்துடிப்பு சரியும். ஆகவே துடிப்பை உயர்த்தும் அட்ரோபின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தொடைக்கென உருவான மூடும் கருவிகளைச் சிலர் கழுத்திலும் பயன்படுத்துகிறார்கள். அது கருவியின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே உள்ளது. மூன்றாவது, சிறு கீறலில் தமனியை வெளிக்கொணர்ந்து, துளையிடும் முன்பே சுற்றுத்தையல் போட்டு வைத்து, முடிவில் அதை இறுக்குவது. ஸ்டெண்ட் (தமனியைத் திறந்துவைக்கும் வலைக்குழல்) பொருத்தி இரண்டு தட்டணு எதிர்ப்பு மருந்துகளைக் கொடுக்க வேண்டிய நோயாளியிலும், இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை ஏற்கெனவே பெற்றவரிலும் நான் இதையே சிறந்ததாகக் கருதுகிறேன். ஸ்டெண்ட் இருக்கும்போது ஹெபாரினைப் புரோட்டமினால் முறித்தால் ஸ்டெண்டே அடைபடக்கூடும் என்பதால், கண்ணால் பார்த்துப் போடும் தையலே நம்பத் தகுந்தது. முடிச்சை இறுக்கும் முன் ஒரு கணம் இரத்தத்தை வெளியே வழியவிட்டால், உள்ளே தங்கிய காற்றும் உறைந்த இரத்தக்கட்டிகளும் மூளைக்குப் போகாமல் வெளியேறும்.

அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்தின் சுற்றளவை அளந்து, தோலில் கோடிட்டு, முதல் சில மணி நேரம் அடிக்கடி ஒப்பிட்டுப் பாருங்கள். கழுத்தில் வீக்கம் பெருகவில்லை என்று தெரியும்வரை மூச்சுக்குழாயில் பொருத்திய குழாயை எடுக்க அவசரப்பட வேண்டாம். குழாயை எடுத்தபின் குரல் கரகரப்பாக மாறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, வீக்கம் கோட்டைத் தாண்டினாலோ, ஆக்சிஜன் அளவு குறையட்டும் என்று காத்திராமல் மயக்க மருத்துவரையும் அறுவை மருத்துவரையும் ஒரே நேரத்தில் அழையுங்கள். மூச்சுப்பாதையைக் காப்பதே முதல் வேலை. மறுநாள் அல்ட்ராசவுண்டில் போலி அனியூரிசமோ (துளை வழியே கசிந்த இரத்தம் தமனிக்கு வெளியே பைபோலத் தேங்குவது) சுவர்ப்பிளவோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே நோயாளியைப் பொதுப் பிரிவுக்கு மாற்றுங்கள்.