தெளிவான கட்டுரை எழுதுவது எப்படி: மேட்டூர் அணையை முன்வைத்து ஒரு செய்முறை

கட்டுரை எழுதத் தொடங்குவோர் பலர், தகவல் திரட்டுவதில் காட்டும் அக்கறையை வாக்கியம் அமைப்பதில் காட்டுவதில்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் திறப்பது பற்றி எழுதுவதாக வைத்துக்கொண்டு, நான் கடைப்பிடிக்கும் முறையை விளக்குகிறேன்.

முதலில், சொல்லவந்ததை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். "நீர்மட்டம் குறைந்ததால் குறுவைக்குத் தண்ணீர் தாமதமாகிறது" என்பது போதும். இதனோடு ஒட்டாத தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் வேறொரு கட்டுரைக்கு எடுத்து வையுங்கள்.

அடுத்தது அடைகளை, அதாவது பெயரை விளக்க அதன் முன்னால் வரும் தொடர்களை, பிரிப்பது. எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த படி இது. தமிழில் இவை பெயருக்கு முன்னால் வருகின்றன. வினை கடைசியில் வருகிறது. ஆகவே பெயரெச்சங்களை அடுக்கினால், எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே படிப்பவர் அனைத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் தேதி குறுவை சாகுபடிக்காகத் திறக்கப்பட்டு வரும், 1934இல் கட்டி முடிக்கப்பட்ட, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட மேட்டூர் அணையில் நீர்மட்டம் குறைந்ததால் தண்ணீர் திறப்பு ஒத்திவைக்கப்பட்டது."

அணையின் பெயர் வருவதற்குள் மூன்று தகவல்கள் கடந்துவிடுகின்றன. ஒத்திவைத்தவர் யார் என்பது கடைசிவரை வரவில்லை. இதை இப்படி மாற்றலாம்:

"மேட்டூர் அணையில் நீர்மட்டம் குறைந்ததால், குறுவை சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதைத் தமிழக அரசு ஒத்திவைத்தது. போதிய நீர் இருப்பு உள்ள ஆண்டுகளில் ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி."

பிரித்து எழுதும்போது "ஆண்டுதோறும்" என்ற சொல் உண்மையல்ல என்பதும் தெரிந்துவிடுகிறது. அடைக்குள் இருந்தவரை யாரும் கேள்வி கேட்காத அந்தக் கூற்று, தனி வாக்கியமாக நின்றதும் சான்று கேட்கிறது. இதற்காகவே இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

எண்களை வெறுமனே விடக்கூடாது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி; வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்துவிட்டால் அவ்வளவு தண்ணீர் வெளியேறும். இதைச் சொல்லிவிட்டால், அணையில் உள்ள இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்பதைப் படிப்பவரே கணக்கிட்டுக்கொள்வார்.

முடித்தபின் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறியுங்கள். "என்பது குறிப்பிடத்தக்கது" என்ற வால் எங்கே இருந்தாலும் வெட்டிவிடுங்கள். குறிப்பிடத்தக்கது என்பதால்தானே எழுதுகிறோம்? சந்திப்பிழை பார்க்க 'வாணி' என்ற தமிழ்ப் பிழைதிருத்தி மென்பொருள் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையையே பரிந்துரைப்பேன். ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தட்டுகிறவருக்கு எழுத்துக்கூட்டலிலேயே கவனம் போய்விடுகிறது.

பின்சேர்க்கை: "பட்டது" என்று முடியும் வினைகளையெல்லாம் நீக்கிவிட வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டியதில்லை. மேலே "கட்டி முடிக்கப்பட்ட" என்பதை நான் மாற்றவில்லை. அங்கே காலம்தான் செய்தி, கட்டியவர் அல்ல. ஒத்திவைத்தது ஒரு முடிவு, அதற்குப் பொறுப்பானவர் இருக்கிறார் என்பதால் அங்கே எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும்.