பலகைத் தரையில் பூனை மூத்திர நாற்றமா?

வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது பழைய வீடொன்றின் மேல்மாடி. தரை முழுக்கப் பலகை. எங்கள் பூனை ஒரு மூலையைக் கழிப்பறையாக்கிய விஷயம் வெயில் நாளில் யாருக்கும் தெரியாது. மழை பெய்தால் வாசலிலேயே தெரிந்துவிடும். மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம் காய்ந்து படிகங்களாகப் பலகை இடுக்கில் தங்கிவிடும். தண்ணீரில் இலேசில் கரையாது, ஈரக்காற்றுப் பட்டால் திரும்பவும் மணக்கும். கொழும்பில் ஈரக்காற்றுக்கா பஞ்சம்? வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டு வாசனைத் திரவம் தெளிப்பது வீண்வேலை.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சை அடித்தால் மூத்திரம் பட்ட இடம் மங்கலாக ஒளிரும். சோக்கட்டியால் சுற்றிக் கோடு போடுங்கள். டோர்ச் இல்லையா, முழங்காலில் இருந்து மணந்து பார்க்க வேண்டியதுதான். இதில் வெட்கம் பார்த்தால் சரிவராது.

இன்னும் ஈரமாக இருந்தால் பழைய துவாயால் அழுத்தி ஒற்றுங்கள். தேய்த்தால் பரவும்.

அடுத்து வினாகிரி. 1 பங்குக்கு 2 பங்கு தண்ணீர். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். சில நிமிடங்களில் ஈரத்துணியால் ஒருமுறை, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. தண்ணீர் தேங்கினால் பலகை உப்பி வளையும். மெழுகுத் தரையில் வினாகிரி பளபளப்பைக் கெடுக்கும். அலுமாரிக்குப் பின்னால் சிறிய இடத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தரை நன்றாகக் காய்ந்தபின் அப்பச்சோடா தூவி, காலையில் கூட்டி அள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். நுரை பொங்குவது பார்க்க அழகுதான், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடுவதால் வேலை செய்ய ஒன்றும் மிஞ்சாது.

பழைய கறைக்கு இது போதாது. பார்மசியில் 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்குங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, துணியை அதில் நனைத்துக் கறைமேல் விரியுங்கள். மேலே பொலித்தீன் மூடி, அரை மணிக்கு ஒருதரம் தூக்கிப் பாருங்கள். கறையோடு சேர்த்துப் பலகையின் நிறத்தையும் வெளுக்கும் என்பதால் மறந்துபோய்ச் சந்தைக்குப் போய்விடாதீர்கள். இதையும் வினாகிரியோடு கலக்கக் கூடாது, கண்ணையும் தோலையும் அரிக்கும்.

பிளீச் பக்கமே போகாதீர்கள். மூத்திரத்திலுள்ள அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவமும் வேண்டாம், பூனைக்கு அது தன் மூத்திரம்போலவே மணக்கும்.

இவ்வளவும் செய்தும் மழைநாளில் மணத்தால், மூத்திரம் பலகையின் அடிவரை இறங்கிவிட்டது. தச்சு பாஸைக் கூப்பிட்டு, அந்த இடத்தைத் தேய்த்து வார்னிஷ் அடிக்க வேண்டும். எங்கள் மூலையில் ஒரு பலகையையே மாற்ற வேண்டி வந்தது.

அப்புறம் ஒன்று. ஒழுங்காக மண் தட்டில் போய்வந்த பூனை திடீரென்று தரையில் போனால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கியும் மூத்திரம் வரவில்லையென்றால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.