வேறு வண்டியின் கொம்பாவுன் உங்கள் தலையில்: செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில், பேராவின் சுங்கை சிப்புட் டவுனில் காரை நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கித் திரும்புகிறவரின் வைப்பரில் ஒரு தாள் செருகியிருந்தால், கண் முதலில் தேடுவது தொகையைத்தான். பத்து வெள்ளியா (ரிங்கிட்டா), முப்பதா? அதற்கு மேலே அச்சாகியிருக்கும் வண்டி எண்ணைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. காசைக் கட்டிய பிறகுதான் அந்த எண் நம்முடையதில்லை என்று தெரிகிறது. இன்னும் சிலருக்கு நேர்மாறாக நடக்கும். வண்டி தோட்டத்து லயத்து வாசலில் நின்றிருக்கும். அதே நாளில், கால் வைக்காத ஓர் ஊரில் அந்த எண்ணுக்கு ஒரு கொம்பாவுன், அதாவது அபராத நோட்டிஸ், பதிவாகியிருக்கும்.

இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஆனால் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். பதிவு தவறு, சரிபாருங்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ‘சம்மன்’ என்று சொல்லித் தவறான வாசலில் நிற்பது

பேச்சில் எல்லாமே சம்மன்தான். தாளைக் கொடுப்பவர்கள் மூன்று தரப்பினர். பார்க்கிங் கட்டணம் கட்டாததற்கும், பெட்டிக்கு வெளியே நிறுத்தியதற்கும் பெரும்பாலும் கொம்பாவுன் போடுவது ஊராட்சி மன்றம். சாலையை மறித்து நிறுத்தியதற்குப் போலீஸ் போடலாம். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே தனி.

போலீஸ் சம்மன் ‘மைபாயார் பிடிஆர்எம்’ செயலியில் தெரியும். ஜேபிஜே சம்மனுக்கு ‘மைஜேபிஜே’. ஊராட்சி மன்றத்தின் கொம்பாவுனை அந்த மன்றத்தின் சொந்தப் பக்கத்திலோ பார்க்கிங் செயலியிலோ கவுண்டரிலோதான் பார்க்க வேண்டும். மைபாயாரில் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை, தாள் பொய் என்று முடிவுகட்டுவதால்தான் நாள் ஓடிவிடுகிறது.

தாளின் தலைப்பில் எந்த மன்றத்தின் சின்னம் என்று பாருங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. ஈப்போவில் போட்ட கொம்பாவுனுக்கு ஈப்போ மாநகர் மன்றத்திடம்தான் போக வேண்டும். டவுன் போலீஸ் நிலையத்தில் அதை ரத்து செய்ய முடியாது.

எங்கே பிசகியது என்று பார்க்காமலே சண்டைக்குப் போவது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அமலாக்க அதிகாரி கையிலுள்ள கருவியில் வண்டி எண்ணைத் தட்டுகிறார். அந்த எண்ணுக்குக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கருவி கேட்டுச் சொல்கிறது. ஓர் எழுத்து மாறினால் போதும். நீங்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், தட்டிய எண்ணுக்குக் கட்டணம் இல்லை என்று பதில் வரும், கொம்பாவுனும் அச்சாகிவிடும். தாள் உங்கள் கண்ணாடியில் இருக்கும், கடன் எங்கோ இருக்கும் இன்னொருவர் எண்ணில் ஏறும். ஒரே தட்டச்சுப் பிழை இரண்டு பேரை மாட்டிவிடுகிறது.

ஆகவே தாளில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பொதுவாக வண்டியின் தயாரிப்பு, மாடல், நிறம், இடம், தேதி, நேரம் எல்லாம் எழுதியிருக்கும். எண் ஓர் எழுத்து மாறி, ‘பெரோடுவா மைவி, வெள்ளை’ என்று உங்கள் காரையே சொன்னால் அது அதிகாரியின் கைப்பிழை. எண்ணும் வேறு, ‘புரோட்டோன் சாகா, நீலம்’ என்றும் இருந்தால், யாரோ தன் வண்டியில் இருந்த தாளை உருவி உங்கள் வைப்பரில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தக் கூத்து நடக்காத டவுன் இல்லை. அந்தத் தாளுக்குக் காசு கட்டினால், முகம் தெரியாதவரின் கடனை நீங்கள் தீர்த்ததாகும்.

எண் மாறுவதற்கும் சில வழக்கமான இடங்கள் உண்டு. 3ம் 8ம், 1ம் 7ம், ‘பி’யும் 8ம், ‘வி’யும் ‘ஒய்’யும். மலேசியாவின் வழக்கமான எண் வரிசைகளில் ஆங்கில ‘ஐ’, ‘ஓ’ எழுத்துகள் கிடையாது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். சிறப்பு வரிசை அல்லாத ஓர் எண்ணில் தாளில் ‘ஓ’ இருந்தால் பிழை அங்கேயே தெரிகிறது. கோலாலம்பூர் வண்டிகளில் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிவரும் வரிசை இன்னும் மோசம். ‘டபிள்யூபி 1234 சி’ என்ற எண்ணில் அந்தக் கடைசி ‘சி’யைத் தட்ட மறந்தால் ‘டபிள்யூபி 1234’ ஆகிவிடும். அது வேறொரு பழைய வண்டியின் எண். அந்தப் பழைய கார் உங்களுடையதாக இருந்தால், போகாத ஊரின் கொம்பாவுன் வர இதுவும் ஒரு காரணம்.

நம் பக்கப் பிழையும் உண்டு. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் மோட்டாரின் பின் பிளேட்டைக் கவனியுங்கள். சேறு காய்ந்து 8 என்பது 3 ஆகியிருக்கும். திருகாணி எழுத்தின் மேலேயே இறங்கியிருக்கும். அழகுக்குச் சாய்ந்த எழுத்துப் பிளேட் போட்டவர்கள் அதிகாரியைக் குறை சொல்லிப் புகார் கொடுக்கும்முன் யோசிக்க வேண்டும். அந்தப் பிளேட்டே தனிக் குற்றம், புகாரோடு படமும் உங்கள் கையாலேயே கொடுக்கிறீர்கள்.

செயலியில் கட்டியவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்ட பழைய காரின் எண் செயலியில் முதலாவதாக நிற்கும். அவசரத்தில் அதற்கே கட்டணம் போய்விடும். பல ஊர்களுக்குப் பொதுவான செயலியில் மன்றத்தையும் மாற்றித் தேர்ந்தெடுத்திருக்கலாம். இப்படி நடந்தால் கொம்பாவுன் சரியான வண்டிக்குத்தான் வந்திருக்கிறது. ‘தவறான வண்டி’ என்று வாதாடினால் அதிகாரி ஒரு நிமிடத்தில் பதிவைத் திருப்பிக் காட்டிவிடுவார். காசு கட்டிய ரசீதைக் காட்டி, எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நேராகச் சொல்லிக் குறைப்பு கேட்பதே அங்கே சரியான வழி. முடிவு மன்றத்தின் கையில்.

‘ரயுவான்’ பாரத்தில் கையெழுத்துப் போடுவது

கவுண்டரில் போய் நின்றதும் பெரும்பாலும் நீட்டப்படுவது ‘ரயுவான் பெங்குராஙான்’, அதாவது தொகையைக் குறைக்கச் சொல்லும் மேல்முறையீட்டுப் பாரம். அதில் காரணம் எழுதும் கட்டத்தில் ‘வருமானம் குறைவு, பிள்ளைகள் படிக்கிறார்கள்’ என்று எழுதினால், குற்றம் செய்தேன், தயவு காட்டுங்கள் என்றுதான் அர்த்தமாகும். முப்பது வெள்ளி பத்தாகக் குறையும், கோப்பும் மூடப்படும். கொம்பாவுன் என்பதே நீதிமன்றம் போகாமல் காசில் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்புதான். கட்டிவிட்டால் தீர்ந்தது. பிறகு என் வண்டி இல்லை என்று சொல்லித் திரும்பக் கேட்பது சுலபமில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது ‘பெம்பாத்தாலான்’, ரத்து. தனிப் பாரம் இல்லையென்றால் வெள்ளைத் தாளில் மலாயில் கடிதம் எழுதுங்கள். தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘பெர்மோஹோனான் பெம்பாத்தாலான் நோத்திஸ் கொம்பாவுன், கெண்டெராஆன் திடாக் செபாடான்’. கொம்பாவுன் எண், தேதி, நேரம், இடம் ஒரு வரி. என் வண்டியின் தயாரிப்பு, நிறம் இது, பதிவில் இருப்பது அது என்று ஒரு வரி. அதிகாரி எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கருவியில் கொம்பாவுன் போடும்போது பொதுவாகப் படமும் எடுக்கிறார்கள். படத்தில் நிற்பது நீல நிற வேன், உங்கள் பெயரில் இருப்பது வெள்ளைக் கார் என்றால் வாதம் அங்கேயே முடிந்தது.

போலீஸ், ஜேபிஜே சம்மன்களில் ஆசை காட்டுவது தள்ளுபடி. 2026 ஜனவரி 1 தொடங்கி, முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. பதினைந்தாம் நாள் நெருங்கும்போது, தொலைகிறது என்று கட்டிவிடத் தோன்றும். பத்து வெள்ளிக் கொம்பாவுனுக்காகக் கோலகங்சார் வரை பெட்ரோல் செலவழிப்பதா என்ற கேள்வியும் நியாயமானதே. கைப்பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் கணக்கு உங்கள் விருப்பம், மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும். ஆனால் நீங்கள் போகாத ஊரில், உங்கள் காரின் அதே மாடல், அதே நிறத்துக்கு வந்திருந்தால் பத்து வெள்ளி என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் எண்ணை ஒட்டிக்கொண்டு இன்னொரு கார் ஓடுகிறது. அடுத்தது பார்க்கிங் விவகாரமாக இல்லாமலும் போகலாம்.

அப்படிச் சந்தேகம் வந்தால் முதல் வேலை போலீஸ் புகார். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எண்ணும் தேதியும் சரியா என்று பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் புகார் நகலை மன்றத்துக்குக் கொடுக்கும் கடிதத்தோடு இணைத்து, ஜேபிஜே அலுவலகத்துக்கும் ஒன்று கொடுக்க வேண்டும்.

ஆளுக்குச் சாட்சி கொண்டுவந்து, வண்டிக்குக் கொண்டுவராதது

காலைப் பெரட்டில் (வேலையாள் வருகைக் கணக்கெடுப்பில்) என் பெயர் இருக்கிறது, கிராணியை (தோட்டத்துக் கணக்கரை) கேளுங்கள் என்பார்கள். நீங்கள் வேலையில் இருந்தீர்கள், சரி. வண்டியை மகன் எடுத்துப் போயிருக்கலாமே? தேவைப்படுவது வண்டி எங்கே நின்றது என்பதற்கான சான்று.

தோட்டத்து நுழைவாயிலில் ஜாகா (காவலாளி) எழுதும் புத்தகத்தில் வண்டி எண்ணும் நேரமும் இருந்தால், அந்தப் பக்கத்தின் நகலில் தோட்ட அலுவலகத்தின் சாப்பு (முத்திரை) வாங்குங்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி என்றால் ஆலையின் எடைச் சீட்டைவிட நல்ல சாட்சி இல்லை. லோரி எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும். பட்டறையில் விட்டிருந்தால் எண் எழுதிய பில். டோலுக்கு டச் என் கோ கார்டு பதிவு கொஞ்சம் பலவீனம், கார்டை எந்த வண்டியிலும் நீட்டலாம். ஆர்எஃப்ஐடி வில்லை குறிப்பிட்ட வண்டியின் பேரில் பதிவானது, அதற்கு மதிப்பு அதிகம்.

டேஷ்கேம் இருந்தால் அன்றைக்கே கார்டைக் கழற்றி வையுங்கள். நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியது பதிவாகும். எதிர்க் கடையின் சிசிடிவியும் அப்படித்தான், ஒரு வாரம் கழித்துப் போனால் தவுக்கே (முதலாளி) கையை விரிப்பார். உங்கள் காரை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று பிளேட் தெரியும்படி படம் எடுங்கள். கிராண்ட் (வண்டிப் பதிவுச் சான்றிதழ்) நகல், ஐசி (அடையாள அட்டை) நகல் சேருங்கள். ஐசி நகலின் குறுக்கே ‘கொம்பாவுன் ரத்து விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று மலாயில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

விற்ற வண்டிக்கு வந்தால் கதை வேறு. மன்றம் பார்ப்பது ஜேபிஜேயின் பதிவைத்தான். காசு வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்து, பெயர் மாற்றத்தைத் தவுக்கே பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் வண்டி இன்னும் உங்களுடையது. விற்ற தேதியுள்ள ரசீதோடு முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள், பிறகு கொம்பாவுனைப் பேசலாம்.

வாய்ப்பேச்சில் விட்டுவிடுவது

கவுண்டரில், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். கடிதம் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பும் தேதியும் வாங்குங்கள். தாளில் குறித்த கெடுவுக்குள், வழக்கமாக 14 நாள், இதைச் செய்யுங்கள். கடிதம் கொடுத்ததாலேயே கெடு நின்றுவிடாது. முடிவு தெரியும்வரை நிறுத்திவைக்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். பேராவில் சனி, ஞாயிறு கவுண்டர் இல்லை. கெடாவில் வெள்ளி, சனி. நகராண்மைக் கழக உறுப்பினரைத் தெரியும் என்றால் சாப்பு வைத்த நகலை அவரிடம் கொடுங்கள், அவர் விசாரிக்க அது உதவும். பதிலே வரவில்லையென்றால் ‘சிஸ்பா’ என்னும் அரசாங்கப் புகார் முறையில் பதியலாம்.

போலீஸிடமிருந்து தபாலில் வருவது ‘போல் 170ஏ’ நோட்டிஸ் என்றால் அது கேட்பது வண்டியை ஓட்டியது யார் என்று. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி பதில் சொல்ல வேண்டியது பதிவு உரிமையாளரின் கடமை. என் வண்டியே இல்லை என்பதும் பதில்தான், ஆனால் எழுத்தில் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ‘உங்கள் சம்மனைப் பாருங்கள்’ என்று லிங்க்கோ, நிறுவச் சொல்லிக் கோப்போ வந்தால் தொடவே வேண்டாம். தொட்டுக் காசும் போயிருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

நீதிமன்றச் சம்மனே கைக்கு வந்துவிட்டால் அதைக் கொம்பாவுன் தாள் மாதிரி டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். குறித்த நாளில் போகாவிட்டால் கைது ஆணை பிறக்கலாம். போய், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள். மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சாப்பு வைத்த கடிதம், படங்கள், எடைச் சீட்டு அல்லது ஜாகா புத்தக நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள், மூலத்தைக் கையைவிட்டுக் கொடுக்காமல்.

ரத்து ஆனால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து அதே எண்ணைப் போட்டு இன்னொரு தடவை தேடுங்கள். கவுண்டரில் நீக்கியது இணையப் பதிவில் நிற்பது உண்டு. அப்படியே செயலியைத் திறந்து, விற்றுப்போன காரின் எண்ணையும் அழித்துவிடுங்கள்.